‘நல்ல ஏரியா’ எந்தப் பக்கம்?

போன ஆண்டு வேலை காரணமாக நியூஜெர்சியிலிருந்து விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கிக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத ஊர். நண்பரின் நண்பர் வழியாக அங்கே பதினைந்து ஆண்டுகளாக வசிக்கும் ஒரு தமிழர் எண் கிடைத்தது. “அண்ணே, எந்த ஏரியா நல்லா இருக்கும்?” என்று கேட்டு ஒரு செய்தி போட்டேன். ஐந்தே நிமிடத்தில் குரல்பதிவில் பதில் வந்தது. “தம்பி, புரூக்ஃபீல்டு பாருங்க. இல்லைன்னா அதுக்கும் மேற்கே போயிடுங்க. ஸ்கூல் எல்லாம் ஒன்பது, பத்து ரேட்டிங். நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க. கோயிலும் பக்கம். சிட்டிக்குள்ள மட்டும் வேணாம். வடக்குப் பக்கம் தப்பித்தவறிக்கூட வண்டியை விட்டுறாதீங்க.”

நல்ல மனிதர். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். நான் பிறந்தது விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியில். எங்கள் ஊரில் பேருந்து நிற்கும் இடம், ரேஷன் கடை, தபால் பெட்டி, பள்ளிக்கூடம் எல்லாம் ஊர்ப்பக்கம். காலனியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால்தான் பேருந்தைப் பார்க்க முடியும். ஊர்த்தெருப் பையன்களுக்கு அவர்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்த பாடமும் இதுதான்: அந்தப் பக்கம் போகாதே. அந்தப் பக்கத்தில் இருந்தவன் நான். இப்போது பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, அதே பாடத்தை எனக்கே ஒருவர் அன்போடு சொல்லித்தருகிறார்.

மில்வாக்கி பெரிய நகரமல்ல. 2020 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் 5.77 லட்சம் பேர். நம் கணக்கில் ஒரு நடுத்தர மாநகராட்சி. ஆனால் அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மிகத் தனித்தனியாக வாழும் பெருநகரப் பகுதிகளைப் பட்டியலிட்டால், எந்த அளவுகோலை வைத்தாலும் மில்வாக்கி முன்வரிசையில் வந்துவிடும். வடபுறம் கறுப்பின மக்கள், தென்புறம் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கர்கள், சுற்றிலும் வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள புறநகர்கள். வாக்கிஷா மாவட்டத்தில் இருக்கும் புரூக்ஃபீல்டு அவற்றில் ஒன்று.

இது ‘அவரவர் விருப்பப்படி’ அமைந்த வரைபடம் இல்லை. நகரத்தை ஒட்டிய வாவட்டோசாவில் வாஷிங்டன் ஹைலேண்ட்ஸ் என்றொரு அழகான குடியிருப்பு உண்டு. வளைந்த தெருக்கள், பெரிய மரங்கள். 1919-இல் அங்கே மனைகளுக்குப் போட்ட ஒப்பந்தத்தில், வெள்ளையர் தவிர வேறு எவரும் வாங்கவோ வாடகைக்கு இருக்கவோ கூடாது என்று எழுதினார்கள். ஒரே ஒரு விலக்கு. வீட்டு உரிமையாளரிடம் வேலை செய்யும் வேலைக்காரர் இருக்கலாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொல்லைப்புறமாக வந்து வேலை செய்துவிட்டுப் போகலாம், முன்வாசலில் உட்காரக் கூடாது என்ற விதியை எழுத எந்த மொழியும் தடையில்லை போலிருக்கிறது.

1930களின் இறுதியில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரை வண்ணம் தீட்டிப் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. 1948-இல் உச்ச நீதிமன்றம் இன ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தர முடியாது என்றது. ஆனால் ஒப்பந்தம் செல்லாமல் போனபிறகும் தரகர், வங்கி, அக்கம்பக்கத்தார் என்ற மூவர் கூட்டணி அப்படியே இருந்தது. பிறகு 1960களில் நெடுஞ்சாலை வந்தது. வால்நட் தெருவைச் சுற்றி பிரான்ஸ்வில் என்று பெயர்பெற்ற கறுப்பினக் கடைவீதி, இசைக்கூடங்கள், வீடுகள் ஆகியவற்றின் குறுக்கே இன்றைய ஐ-43 போனது. இன்னொரு சாலைக்காக வரிசை வரிசையாக வீடுகளை இடித்துவிட்டு, கடைசியில் அந்தச் சாலையைப் போடவே இல்லை. நிலம் பல ஆண்டுகள் பொட்டலாகக் கிடந்தது. எந்த வீடுகளை இடித்து, யார் எங்கே சீக்கிரம் போவதற்காகச் சாலை போட்டார்கள் என்று பாருங்கள். என் அண்ணன் ‘இருபத்தஞ்சே நிமிஷம் தம்பி’ என்று பெருமையோடு சொன்ன புறநகர்ப் பயணம், இப்படிப்பட்ட சாலைகளின் மேல்தான் சாத்தியமாயிற்று.

இதை எதிர்த்து இந்த நகரம் போராடிய வரலாறு நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. நகர மன்றத்தின் முதல் பெண் உறுப்பினரும் முதல் கறுப்பின உறுப்பினருமான வெல் ஃபிலிப்ஸ், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடை செய்யும் தீர்மானத்தை 1962-இல் கொண்டுவந்தார். ஆதரவு 1, எதிர்ப்பு 18. அந்த ஒன்று அவருடைய வாக்கு. மறுபடி கொண்டுவந்தார், மறுபடி அதே ஒன்று. 1967 ஆகஸ்ட் 28 அன்று என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் இளைஞர் அணியினர், ஜேம்ஸ் குரோப்பி என்ற கத்தோலிக்கப் பாதிரியாருடன் சேர்ந்து, 16-ஆவது தெரு மேம்பாலத்தைக் கடந்து வெள்ளையர் வாழ்ந்த தென்புறத்துக்குள் நடந்தார்கள். போலந்து வம்சாவளியினர் நிறைந்த பகுதி அது. ஆப்பிரிக்காவையும் போலந்தையும் இணைப்பதால் உலகத்திலேயே நீளமான பாலம் இதுதான் என்று உள்ளூரில் ஒரு கிண்டல் இருந்தது. அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் கல்லும் புட்டியும் கொண்டு காத்திருந்தார்கள். மறுநாள் இரவு இளைஞர் அணியின் அலுவலகம் எரிந்து போனது. ஆனாலும் 200 இரவுகள் தொடர்ச்சியாக நடந்தார்கள். விஸ்கான்சின் குளிர்காலத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் பொருள் புரியும். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டம் வந்தது. அந்த மாதக் கடைசியில் மில்வாக்கியும் தன் சட்டத்தை நிறைவேற்றியது.

குரோப்பி அந்தத் தென்புறத்தில் பிறந்து வளர்ந்த இத்தாலிய மளிகைக்கடைக்காரரின் மகன் என்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஊர்த்தெருவிலிருந்து சேரிக்காக வெளியே வந்த பிள்ளை. நம்மூரில் அப்படி எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் கட்டுரை திசைமாறிவிடும்.

அந்தச் சட்டத்தால்தான், அமெரிக்காவில் என் தோலைப் பார்த்து ஒரு தரகர் வீடு இல்லை என்று சொன்னால் நான் வழக்குப் போட முடியும். 1965 குடிவரவுச் சட்டமும் இதே குடியுரிமைப் போராட்டங்களின் காலத்தில் பிறந்ததுதான். அது இல்லாவிட்டால் புரூக்ஃபீல்டில் ‘நம்ம ஆளுங்க’ இருந்திருக்க மாட்டார்கள். நடந்தவர்கள் வடபுறத்துக்காரர்கள். அவர்கள் திறந்துவிட்ட கதவு வழியாக உள்ளே வந்த நாம், அடுத்து வருகிறவரிடம் வடக்குப் பக்கம் போகாதே என்கிறோம்.

இப்போது தரகர்கள் இனத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. சட்டப்படி ஒருவரை அவர் இனத்தைப் பார்த்து ஒரு பகுதிக்குத் தள்ளிவிடுவது குற்றம். எங்களுக்கு வீடு காட்டிய தரகரிடம் ‘இந்தத் தெரு எப்படி?’ என்று கேட்டேன். “பள்ளி மதிப்பெண்ணைப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னார். சட்டம் கேட்கக் கூடாது என்ற கேள்விக்கு, ஒன்று முதல் பத்து வரையான ஒரு எண் பதில் சொல்லிவிடுகிறது. அந்த எண்ணில் பெரும்பங்கு தேர்வு மதிப்பெண். தேர்வு மதிப்பெண் பெற்றோரின் வருமானத்தோடு கைகோத்து நடப்பது. பள்ளிக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. ஆக, பணக்காரத் தெருவின் பள்ளி நல்ல பள்ளி, நல்ல பள்ளி இருப்பதால் அந்தத் தெருவில் வீடு விலை கூடுதல், விலை கூடுதலானதால் ஏழை அங்கே வர முடியாது, ஏழை வராததால் அது நல்ல பள்ளி. ‘மெரிட்’ என்ற சொல்லை எப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இட ஒதுக்கீட்டு விவாதங்களில் முப்பது ஆண்டுகளாகப் பேசிப் பழகிய தோழர்கள்கூட, இந்தப் பத்துக்கு ஒன்பதை மறுகேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்வதை நேரில் பார்த்திருக்கிறேன். நானும் முதல் வாரம் அந்த எண்ணை வைத்துத்தான் வீடுகளை வடிகட்டினேன்.

என் இணையர் சொன்னதை இங்கே பதிவு செய்வதுதான் நேர்மை. “உனக்குக் கொள்கை இருக்கு. பாப்பாவுக்கு எட்டு வயசு. உன் கொள்கைக்கு அவ ஏன் பரிசோதனை எலி ஆகணும்? நாம ரெண்டு பேரும் காலனி ஸ்கூல்ல படிச்சு கஷ்டப்பட்டது போதாதா?” என்னிடம் பதில் இல்லை. ஒரு தலித் குடும்பத்துக்கு வசதியான இடத்தில் வாழும் உரிமை கிடையாதா? அண்ணல் அம்பேத்கரே கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னவர்தானே? கொலம்பியாவில் படித்துவிட்டுத் திரும்பியவருக்கு 1917-இல் பரோடாவில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து கம்போடு வந்து வெளியேற்றினார்கள். வீடு என்றால் என்னவென்று அந்தத் தலைவருக்குத் தெரியும். அப்படியிருக்க, கையில் பணமும் சட்டமும் இருக்கும்போது நான் எதற்குத் தயங்க வேண்டும்?

பல இரவுகள் இதை யோசித்தேன். அம்பேத்கர் கிராமத்தை விடச் சொன்னது அது ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடந்ததால். பிரிந்து கிடக்கும் இன்னொரு இடத்துக்குப் போய், இந்த முறை ஊர்ப்பக்கம் மனை வாங்குவதை வெளியேறுவது என்று சொல்ல முடியுமா? எனக்கு அதில் தெளிவு வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வந்த பிறகு, புரூக்ஃபீல்டு வீட்டின் படங்களைப் பார்க்கும்போது பழைய குதூகலம் இல்லை.

ஊர்ப்பக்கம் போனாலும் ஊர்க்காரனாகிவிட முடியாது என்பது வேறு. வீடு தேடிய நாட்களில் ஒரு புறநகர் வீட்டில் பொங்கல் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். சாப்பாடு அருமை. பேச்சுவாக்கில் “விழுப்புரத்துல எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? அப்பா என்ன செஞ்சார்?” என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். மூன்றும் ஒரே கேள்வி என்பது நமக்குத் தெரியும். சியாட்டில் நகரம் 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது, கலிபோர்னியாவில் அதே ஆண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். விஸ்கான்சினில் அந்தப் பேச்சே இல்லை. ‘நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க’ என்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு எச்சரிக்கை.

இனி பயணத்துக்கு வருகிறேன். வீடு தேடும்போது எல்லோரும் அதைக் கடைசியில் கேட்கிறோம், அதுவும் காரில் எத்தனை நிமிடம் என்று மட்டும்.

மில்வாக்கியின் வடபுறத்தில் ஒரு காலத்தில் ஆலைகள் இருந்தன. அவை மூடிய பிறகு புதிய வேலைகளில் பெரும்பகுதி வாக்கிஷா மாவட்டத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் கிடங்குகளுக்கும் போனது. கார் இல்லாத குடும்பங்கள் நகரில். வேலை புறநகரில். நடுவில் பேருந்து இல்லை. 170 கோடி டாலர் செலவில் மேற்குப்புற நெடுஞ்சாலைச் சந்திப்பை விரிவாக்கியபோது, கார் இல்லாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று உள்ளூர் அமைப்புகள் 2012-இல் வழக்குப் போட்டன. 2014-இல் சமரசமாக 1.35 கோடி டாலர் கிடைத்தது. அதில் வேலைத்தலங்களுக்கு இரண்டு பேருந்துத் தடங்கள் ஓடின. ஒன்று நியூ பெர்லின் தொழிற்பேட்டைக்கு. வழக்குப் பணம் தீர்ந்ததும் இரண்டும் நின்றுபோயின.

அதே நியூ பெர்லினில் 2010-இல் குறைந்த வருமானத் தொழிலாளர்களுக்கான அடுக்குமாடித் திட்டத்துக்கு நகராட்சி முதலில் ஒப்புதல் தந்தது. குடியிருப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள், நகராட்சி பின்வாங்கியது. 2011-இல் அமெரிக்க நீதித்துறையே வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டு சமரசம் ஆனது. வேலைக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் பக்கத்தில் குடியிருக்கக் கூடாது, அவன் வருவதற்குப் பேருந்துக்கும் காசு தர முடியாது. கூவக் கரையிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்ட வீட்டுவேலைப் பெண்களிடம் இதைச் சொன்னால், இடத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு புரிந்துகொள்வார்கள்.

பள்ளிப் பயணத்துக்கும் ஒரு கதை உண்டு. 1950களின் கடைசியிலிருந்து, கறுப்பினப் பள்ளிகளில் இடம் போதாமல் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி வெள்ளையர் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஆனால் வகுப்பைக் கலைக்காமல் அப்படியே, அவர்களுடைய ஆசிரியரோடு. அங்கே தனி அறை. மதியம் மறுபடி பேருந்தில் ஏற்றிப் பழைய பள்ளிக்குக் கொண்டுவந்து சாப்பிட வைத்து, மறுபடி அழைத்துப் போனார்கள். ஒரே கூரையின் கீழ் ஒன்றாகச் சாப்பிடக் கூடாது என்பதற்காக ஒரு நாளைக்கு நான்கு பேருந்துப் பயணம்! வழக்கறிஞர் லாயிட் பார்பி 1965-இல் வழக்குத் தொடுத்து, 1976-இல்தான் பள்ளிகள் சட்டவிரோதமாகப் பிரிக்கப்பட்டுள்ளன என்ற தீர்ப்பைப் பெற்றார். தனித் தட்டு, தனி வரிசை என்று நம் சத்துணவுக் கூடங்களில் நடப்பதைப் பற்றி எழுதும் தோழர்கள் பார்பியைப் படிக்க வேண்டும்.

எங்கள் முடிவுக்கு இந்த வரலாற்றைவிட ஒரு சாதாரணக் கணக்குதான் உதவியது. என் அலுவலகம் நகர மையத்தில். இணையருக்கு வாவட்டோசாவின் மருத்துவ வளாகத்தில் ஆய்வக வேலை. இரண்டையும் இணைத்து 2023 முதல் ‘கனெக்ட் 1’ என்றொரு விரைவுப் பேருந்து ஒன்பது மைல் தூரம் ஓடுகிறது. புறநகரில் இருந்தால் இரண்டு கார் வேண்டும். இந்தத் தடத்தின் மேல் இருந்தால் ஒன்று போதும். ஜனவரியில், பூஜ்யத்துக்கும் பதினைந்து டிகிரி கீழே இருந்த ஒரு காலை ஏழு மணிக்கு நாங்கள் மூவரும் அந்தப் பேருந்தில் ஏறி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனோம். சீருடையில் செவிலியர்கள், கல்லூரி மாணவர்கள், துப்புரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டே திரும்புகிறவர்கள். வாவட்டோசாவில் தடம் முடிகிறது. அதற்கு மேற்கே வாக்கிஷா எல்லை. பாப்பா ஜன்னல் பனியில் படம் வரைந்துகொண்டு வந்தாள். அதன் பிறகு அவள் படிக்கப்போகிற நகரப் பள்ளிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எண் நான்கு என்று காட்டிய பள்ளி. வகுப்பில் அரபி, ஸ்பானிஷ், மோங் பேசும் குழந்தைகள். ஆசிரியர் ஒருவருக்குப் பிள்ளைகள் அதிகம், கூரையில் ஓரிடத்தில் ஒழுகுகிறது. இரண்டையும் பார்த்தோம். “ஒரு வருஷம்” என்றார் இணையர். “அதுக்கப்புறம் நான் சொல்றதுதான்.”

விஸ்கான்சின் அவென்யூவிலிருந்து சில தெருக்கள் வடக்கே, பழைய மரவீடு ஒன்றின் மாடிப்பகுதியை வாடகைக்கு எடுத்தோம். வாங்கவில்லை. எங்களைப் போலச் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்தத் தெருவில் வரிசையாக வீடு வாங்கினால், கீழ்வீட்டில் இருபது ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கும் கறுப்பினப் பாட்டிக்கு அடுத்த ஆண்டு வாடகை என்ன ஆகும் என்பதும் ஒரு கேள்வி. சுத்தமான இடம் என்று எதுவும் இல்லை. இரவில் சில நாட்கள் போலீஸ் சங்கொலி கேட்கிறது. ஒருமுறை கார்க் கண்ணாடியை உடைத்தார்கள். அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.

அவர் ஆகஸ்டில் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த அவருடைய அம்மாவும் உடன் வந்தார். அண்ணன் காரைப் பூட்டிவிட்டு, மாடிக்கு வந்து, மறுபடி இறங்கிப் போய்ப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டுத் தெருவில் நடைபாதை இல்லை, மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை மனித முகமே கிடையாது என்றார். பிறகு எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவருக்குத் தெரிந்த ஊர்தான், பக்கத்து ஊரில் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம்.

“ஊர்லயா, காலனியிலயா?”

“காலனிம்மா.”

அண்ணன் கைப்பேசியைப் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இணையர் வைத்த காபி அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. கீழே பாட்டி யாரையோ கூப்பிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பாப்பா, தான் வாரம் தவறாமல் பேருந்தில் நூலகத்துக்குப் போவதைப் பற்றி அவரிடம் சொல்லத் தொடங்கினாள். எத்தனையாவது நிறுத்தம், ஓட்டுநர் பெயர் என்ன என்பது வரை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, அந்த பஸ்ஸு எங்க வீடு வரைக்கும் வராதா?”